சத்து மாத்திரை: யாரை நம்பி விழுங்குகிறோம்?

அந்த அம்மா பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கூடத்து மேசைமேல் கவிழ்த்தார். மலாக்காவின் தெங்கேரா சாலையை ஒட்டிய தாமான் வீடு அது. ஜாசின் பக்கத் தோட்டமொன்றில் வாழ்நாள் பாதியைப் பால்மரம் வெட்டியே கழித்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி லயங்கள் காலியானதும் மகனோடு டவுனுக்கு வந்துவிட்டார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி மூன்றும் உண்டு.

டின்னிலிருந்து உருண்டு வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மலாய் எழுத்தில் பெயர் போட்ட ஒரு பாட்டில். அதன் பக்கவாட்டில் பதிவு எண்ணும் மின்னும் ஒட்டுவில்லையும் இருந்தன. சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேகிய டப்பா. ‘ஆரோக்கியக் காப்பி’ என்ற பெயரில் ஒரு பெட்டி. அப்புறம், எழுத்தே இல்லாத ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பாதி பச்சை, பாதி மஞ்சள் நிறக் குளிகைகள். “இது மூட்டுவலிக்கு, பசார் மாலாம்ல வாங்கினது. ரெண்டே நாள்ல வலி போயிருச்சு தம்பி” என்றார்.

எல்லாவற்றுக்கும் அடியில், இனிப்புநீருக்கு அரசாங்கக் கிளினிக் கொடுத்த மெட்ஃபோர்மின் அட்டைகள் கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அதைச் சாப்பிட்டா கிட்னி போயிடுமாம். சம்பந்தி வீட்டு அக்கா சொன்னாங்க. அவங்க குடுத்ததைத்தான் இப்போ சாப்பிடுறேன்” என்று பதில் வந்தது.

மலாக்காவில் தமிழர் வீடு எதற்குப் போனாலும் இப்படி ஒரு டின்னோ, ஃபிரிட்ஜ் மேல் ஒரு தட்டோ இருக்கும். இந்தச் சந்தை எப்படி நடக்கிறது, சட்டம் எங்கே காவல் நிற்கிறது, எங்கே வழிவிடுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே இந்த வாரக் கட்டுரை.

சட்டம் தளர்வானதல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சத்து மாத்திரை விஷயத்தில் மலேசியச் சட்டம் பல பணக்கார நாடுகளின் சட்டத்தைவிடக் கடுமையானது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய பொருளை விற்பதற்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பிரச்சினை வந்த பிறகுதான் அரசு கைவைக்கும். பக்கத்துச் சிங்கப்பூரிலும் சத்து மாத்திரைக்கு முன்பதிவு கட்டாயமில்லை. ஜப்பானில் 2015 முதல் நிறுவனம் தானே ஆதாரம் திரட்டி அரசுக்குத் தெரிவித்தால் போதும். அந்த வழியில் சந்தைக்கு வந்த கோபயாஷி நிறுவனத்தின் சிவப்பு அரிசிக் கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள் 2024 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டன. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் சிறுநீரகக் கோளாறு உள்ளிட்ட பாதிப்புகளால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

இங்கே 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டமும் அதன்கீழ் வந்த 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளும் இருக்கின்றன. பதிவு இல்லாத பொருளைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது மட்டுமல்ல, விற்பதற்காகக் கையில் வைத்திருப்பதே குற்றம். பாரம்பரிய மருந்துகளும் 1992 முதல் இந்தப் பதிவு வளையத்துக்குள் வந்துவிட்டன. விண்ணப்பத்தை ஆராய்வது பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை. மீறும் தனிநபருக்கு முதல் முறை 25,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரை.

ஆனால் பதிவு என்றால் என்ன என்பதில்தான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள். பொருளில் ஈயம், பாதரசம், கிருமி ஆகியவை வரம்பைத் தாண்டவில்லை, கலப்பட மருந்து இல்லை, சொன்ன சரக்கு சொன்ன தரத்தில் இருக்கிறது என்பதை அரசு பார்க்கிறது. பாரம்பரிய மருந்து என்றால், பரம்பரைப் பயன்பாடு உண்டு என்பதே அதன் பலனுக்கு ஆதாரமாக ஏற்கப்படுகிறது. ஆயிரம் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்துச் சர்க்கரை குறைந்தது என்று நிரூபித்த பிறகு கொடுத்த எண் அல்ல அது. “கவர்மெண்ட் நம்பர் இருக்கு, அதனால நோய் குணமாகும்” என்று விற்பவர் சொல்வது அப்பட்டமான பொய்.

┌─ பெட்டிச் செய்தி: எண்ணைப் படிப்பது எப்படி?

பாட்டிலில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி எட்டு இலக்கமும், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் நான்கு இலக்கம் பதிவான காலத்தைக் காட்டும். கடைசி எழுத்து ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் சத்து மாத்திரை, ‘எக்ஸ்’ என்றால் சீட்டின்றி வாங்கும் மருந்து, ‘ஏ’ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

‘என்ஓடி’ என்று தொடங்கி ‘கே’யில் முடிந்தால் அது பூசும் ஒப்பனைப் பொருள். அந்த எண் போட்டதை யாராவது குடிக்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

எண்ணை அச்சடிப்பது எளிது. அதனால் என்பிஆர்ஏ இணையத் தேடலில் எண்ணைப் போட்டு, வரும் பெயரும் கையிலிருக்கும் பாட்டிலின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். 2005 முதல் கட்டாயமான மின்னும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். மெடிடேக் என்ற அந்த வில்லையின் இடத்தில் இப்போது ஃபார்மாடேக் வந்திருக்கிறது. ─┘

காப்பி வழியாக நுழைவது

கோட்டை மதில் இவ்வளவு உயரமாக இருக்கும்போது சரக்கு எப்படி உள்ளே வருகிறது? பெரும்பாலும் சமையலறை வாசல் வழியாகத்தான்.

ஒரு பொருளில் 80 விழுக்காட்டுக்கு மேல் உணவுச் சரக்கு இருந்தால், அது பொதுவாக மருந்து விதிகளுக்குள் வராது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு விதிகளும் அதைப் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பதிவு எண் தேவையில்லை, விற்பனைக்கு முன் ஆய்வகச் சோதனையும் இல்லை. அதனால் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கோவிட் காலத்தில் வைட்டமின் சி, டி என்று எதிர்ப்புச் சக்தி மாத்திரைகளுக்கு ஓடிய கூட்டம், இப்போது கொலாஜன் பானம், மிட்டாய் வடிவ வைட்டமின், கொழுப்புக் கரைக்கும் தூள், ஆண்களுக்கான காப்பி என்று பொட்டலங்களுக்கு மாறிவிட்டது. கலக்கிக் குடிப்பதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை.

உணவு என்று விற்றால் நோய் தீர்க்கும் என்று சொல்லக்கூடாது. விதி தெளிவாக இருக்கிறது. சொல்லாமல் பலனைக் காட்டுவதற்குச் சிலர் கண்ட வழி, காப்பித் தூளுக்குள் மருந்தையே கலந்துவிடுவது. ஆண்மைக் காப்பியில் ஆண்மைக் குறைவு மருந்துகளான சில்டெனஃபில், தடாலஃபில், அல்லது சோதனையில் சிக்காதபடி அவற்றின் மூலக்கூற்றைச் சற்றே மாற்றிய சரக்கு. 2017 ஜூலையில் மலேசியப் பெயரோடு அமெரிக்காவில் விற்ற ‘கோப்பி ஜந்தான்’ காப்பி இப்படித்தான் திரும்பப் பெறப்பட்டது. அதிலிருந்தது சில்டெனஃபில் வகை மருந்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அந்தக் காப்பியைக் குடித்தால் இரத்த அழுத்தம் சரேலென்று சரியும், உயிரே போகலாம்.

மெலிய வைக்கும் பொட்டலங்களில் பிடிபடுவது சிபுட்ராமின். பசியை அடக்கும் இந்த மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாகப் பெரிய ஆய்வொன்று காட்டியதால் 2010இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ‘நூறு விழுக்காடு மூலிகை’ என்ற பொட்டலத்தைக் குடித்துப் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால், அது உடம்பு ‘நச்சு நீங்கும்’ அறிகுறி அல்ல. உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நம் எல்லைக்கு அப்பால், ஆனால் கூப்பிடு தூரத்தில் நடந்த ஒன்று மறக்கக் கூடாதது. 2008இல் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் சிங்கப்பூர் மருத்துவமனைகளில், இனிப்புநீரே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்கு விழுந்த நிலையில் சேர்க்கப்பட்டார்கள். ஏழு பேர் நினைவிழந்து கிடந்தார்கள், நான்கு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் சாப்பிட்டிருந்த ஆண்மைக் குளிகைகளில் இனிப்புநீர் மருந்தான கிளிபென்கிளமைட் பல மடங்கு அளவில் கலந்திருந்தது. வெட்கத்தில் பலர் என்ன சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் சொல்லவே தயங்கினார்கள்.

இரண்டே நாளில் வலி போனால்…

டின்னில் இருந்த அந்தப் பச்சை மஞ்சள் குளிகைக்கு வருவோம். அதற்குள் என்ன இருந்தது என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆனால் பல வருட மூட்டுவலி இரண்டே நாளில் பறந்தால், நாட்டிலுள்ள எந்த மருந்தாளரும் முதலில் சந்தேகிப்பது ஸ்டீராய்டைத்தான். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகியவை பாரம்பரிய மருந்துகளான ஜாமுவிலும் மக்ஜுன் உருண்டையிலும் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, என்பிஆர்ஏ எச்சரித்த கலப்படங்கள்.

ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், மருத்துவர் அளந்து கொடுக்கும்போது. அளவே தெரியாமல் மாதக்கணக்கில் போனால் நடப்பது இது: முதலில் வலி போகும், பசி எடுக்கும், ‘தெம்பு’ வரும். பாட்டி தெளிந்துவிட்டாள் என்று வீடே மகிழும். பிறகு முகம் நிலாபோல் உருண்டு வரும், வயிறு பெருக்கும், கைகால் மெலியும். தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே நீலம் பாயும். சர்க்கரையும் அழுத்தமும் எகிறும். எலும்பு உள்ளுக்குள் உளுத்து, குளியலறையில் வழுக்கினால் இடுப்பு முறியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நிறுத்தும்போது வருவது. சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி, வெளியிலிருந்து சரக்கு வருகிறது என்று தன் வேலையை நிறுத்தியிருக்கும். விற்றவர் அடுத்த வாரம் சந்தைக்கு வராமல் போனாலோ, பிள்ளைகள் பயந்து பையைத் தூக்கி எறிந்தாலோ, உடம்பில் அந்தச் சுரப்பு இல்லாமலே போய்விடும். வாந்தி, மயக்கம், அழுத்தம் சரிவு என்று வந்து அவசரப் பிரிவில்தான் முடியும். ஆகவே இப்படிப்பட்ட ஒன்றை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள், தாங்களாக நிறுத்தாமல், மிச்சத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

ஊரிலிருந்து வரும் பெட்டி

சித்தம், ஆயுர்வேதம் என்றாலே நமக்கு ஒரு பற்று உண்டு. எனக்கும் உண்டு. மலேசியாவும் 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தில் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. இங்கே பதிவான சித்த, ஆயுர்வேதப் பொருள்களும் கடைகளில் கிடைக்கின்றன. சிக்கல், பயணப் பெட்டியில் வருபவற்றில்.

சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் கொண்டுவர விதி இடம் தருகிறது. அதையே பத்துப் பாட்டிலாகக் கொண்டுவந்து வாட்சாப்பில் விற்றால் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே பதிவாகும் பாரம்பரிய மருந்தில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 என்ற வரம்பைத் தாண்டக்கூடாது. பெட்டியில் வருவதை யாரும் அளப்பதில்லை. அமெரிக்காவின் போஸ்டன் நகரத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பற்பமும் செந்தூரமும் முறையாகப் புடம் போட்டுச் செய்ய வேண்டியவை. பெயரில்லாத இடத்தில் அரைத்த தூளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

மஞ்சள்கூட இப்போது குளிகையாகிவிட்டது. நம் குழம்பில் போடும் மஞ்சளால் எந்தப் பயமும் இல்லை. ஆனால் குர்குமினைச் செறிவாக்கி, உடம்பு அதிகம் உறிஞ்சட்டும் என்று மிளகுச் சத்தையும் சேர்த்து விற்கும் குளிகைகளால் அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பு வருவதாக ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஆகஸ்டில் எச்சரித்தது. பாட்டி வைத்தியத்தின் பெயரைச் சொல்லி விற்றாலும், பாட்டி கொடுத்த அளவு வேறு, இது வேறு.

┌─ பெட்டிச் செய்தி: குளிகையின் தோல் எதனால் ஆனது?

மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாத ஒன்று. பெரும்பாலான குளிகைகளின் மேல்தோல் ஜெலட்டின். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கப்படலாம். பதிவான பொருளில் விலங்கிலிருந்து வந்த சரக்கின் மூலத்தை லேபிளில் சொல்ல வேண்டும். ‘லெம்பு’, ‘போவின்’ என்று இருந்தால் மாடு. ஹலால் முத்திரை நம் கேள்விக்குப் பதிலாகாது. விரதம் இருப்பவர்கள் கடையில் மருந்தாளரிடம் கேட்டு, தாவரத் தோல் குளிகையோ மாத்திரையோ வாங்கலாம். ─┘

சொந்தக்காரரே விற்பனையாளர்

உலகின் முதல் பத்து நேரடி விற்பனைச் சந்தைகளில் மலேசியாவும் ஒன்று. அதில் முன்னணிச் சரக்கு உடல்நலப் பொருள்கள். அம்வே இங்கே 1976இலேயே வந்துவிட்டது. முறையாக உரிமம் பெற்று, பதிவான பொருளை விற்கும் நிறுவனங்கள் பல உண்டு. அவற்றை நான் குறை சொல்லவில்லை. இந்த முறை நம் சமூகத்துக்குள் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதே என் கவலை.

தோட்டத்தில் விற்பவர் அந்நியர் அல்ல. அத்தை, மச்சினிச்சி, கோயில் கமிட்டிக்காரரின் மனைவி, சம்பந்தி. கடைக்காரரிடம் “வேண்டாம்” என்று சொல்லிவிடலாம், சம்பந்தியிடம் சொல்ல முடியுமா? பாட்டில் 200 ரிங்கிட் என்றாலும் வாங்கி வைக்க வேண்டியதுதான். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஒரு பாட்டில் எவ்வளவு பெரிய துண்டு என்று பாருங்கள். விற்கும் பெண்ணும் பெரும்பாலும் சுரண்டுபவர் அல்ல. ‘அப்லைன்’ சொன்னதை நம்பி, தொடக்கப் பொதிக்கு நகையை அடகு வைத்து, விற்காத சரக்கைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவர். தானும் அதையே சாப்பிடுகிறார். அவர் சொல்லும் மருத்துவம் அவருக்கே கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தது.

1993ஆம் ஆண்டு நேரடி விற்பனை, பிரமிட் திட்ட எதிர்ப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வீடு தேடி வந்து விற்றதற்கான ஒப்பந்தத்தை 10 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். நிறுவனத்துக்கு ‘ஏஜேஎல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். உறவு கெடுமே என்று யாரும் இந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை.

உண்மையான விலை

கலப்படச் சரக்கு செய்யும் கேடு கொடியது. ஆனால் மலாக்கா தமிழருக்கு அதைவிடப் பெரிய கேட்டைச் செய்வது, கலப்படமே இல்லாத, முறையாகப் பதிவான, யாருக்கும் தீங்கில்லாத மாத்திரையாகக்கூட இருக்கலாம். அதை நம்பிக் கிளினிக் மருந்தை நிறுத்துவதுதான் அந்தக் கேடு.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியரில் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்தபோதும் இந்தியரே முன்னிலையில் இருந்தார்கள். டயாலிசிஸுக்குப் புதிதாக வருவோரில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்புநீர்தான்.

“கிளினிக் மருந்து கிட்னியைக் கெடுக்கும்” என்ற பேச்சு தோட்டத்துக்குத் தோட்டம் பரவிக் கிடக்கிறது. நடப்பது தலைகீழ். கட்டுப்படாத சர்க்கரையும் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன, அவற்றைக் கட்டுப்படுத்தும் மருந்து அதைக் காக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்துபோனவருக்கு மெட்ஃபோர்மின் அளவை மருத்துவர் குறைப்பார், சில சமயம் நிறுத்துவார். இந்த ஒரு நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மருந்தே விஷம் என்று கதை கட்டிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்பவர் பழைய மருந்தைப் பழிக்கிறார். அவர் நடுவில் எத்தனை மாதம் அதை நிறுத்தியிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். பரிசோதனையும் மாத மருந்தும் அதற்குள். அந்த மருந்தை டின்னுக்கு அடியில் போட்டுவிட்டு, 200 ரிங்கிட்டுக்கு வேறொன்றை வாங்குவது அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. கிளினிக்கில் காத்திருப்பு நீளம், மருத்துவரோடு பேச்சு சில நிமிடம், அதுவும் மலாயில். சம்பந்தி வீட்டு அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, தமிழில், ஒரு மணி நேரம் பேசுகிறார். அவர் சரக்கை நம்புவதற்கு முன் நாம் அவரை நம்பிவிடுகிறோம்.

மூவாயிரம் ரிங்கிட்

விளம்பரத்துக்கும் சட்டம் உண்டு. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின் அட்டவணையில் இனிப்புநீர், புற்று, சிறுநீரக நோய், இருதய நோய், கொதிப்பு, ஆஸ்துமா, மலட்டுத்தன்மை, ஆண்மைக் குறைவு உட்பட 20 நோய்கள் இருக்கின்றன. இவற்றைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளையும் விளம்பரப்படுத்தவே கூடாது. மற்ற மருந்து விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியம் தரும் ‘கேகேஎல்ஐயூ’ என்ற அனுமதி எண் வேண்டும்.

மீறினால் முதல் முறை அதிகபட்ச அபராதம் 3,000 ரிங்கிட், அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். பாட்டில் 200 ரிங்கிட் என்றால், டிக்டாக் நேரலையில் பதினைந்து பாட்டில் விற்றால் அந்தத் தொகை கைக்கு வந்துவிடும். பத்திரிகையும் வானொலியும் மட்டும் இருந்த காலத்துச் சட்டம் இது. அபராதத்தை உயர்த்த வேண்டும், அதுவும் விற்ற தொகைக்கு ஏற்ப. உணவு என்ற பெயரில் வந்து உடற்பலன் பேசும் காப்பிக்கும் தூளுக்கும் விற்பனைக்கு முன் கலப்படச் சோதனை வேண்டும். 80 விழுக்காடு காப்பி என்பதால் மிச்ச 20 விழுக்காட்டைப் பார்க்காமல் விடுவது நியாயமில்லை. நம் தமிழ்ப் பத்திரிகைகளும், இந்தப் பத்திரிகை உட்பட, அனுமதி எண் இல்லாத விளம்பரத்தைப் பணத்துக்காக வாங்கக்கூடாது.

என்பிஆர்ஏ எச்சரிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய தலைமுறைக்கு அவை எட்டுவதில்லை. தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில் வாரம் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் தெபோங் முதல் மெர்லிமாவ் வரை கேட்கும். அரசு அதைச் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மலாக்காவில் கோயில்களும் சங்கங்களும் இரத்தப் பரிசோதனை முகாம் நடத்துகின்றன. அடுத்த முகாமில் இன்னொரு மேசை போடட்டும். வருகிறவர்கள் வீட்டிலுள்ள பாட்டில், பொட்டலம், பை எல்லாவற்றையும், நிறுத்திவைத்த கிளினிக் மருந்தையும் கொண்டுவரட்டும். மேசைக்குப் பின்னால் தமிழ் பேசும் ஒரு மருந்தாளரும், பதிவு எண்ணைத் தேட ஒரு கைத்தொலைபேசியும், ஒவ்வொருவரிடமும் பேசத் தேவையான நேரமும் இருந்தால் போதும்.